ஏழு மணிக்குள் வீடு திரும்புகிற வேலை

அம்மா, வணக்கம்.

பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு பையன் வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், கையில் காசு புரண்டால் படிப்பில் மனம் போகாதே என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். இந்த லீவில் போகட்டும் அம்மா. எந்த வேலை, எத்தனை மணி வரை என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கம், பட்டாசு, ஆபத்தான ரசாயனம் போன்ற இடங்களில் வேலைக்கு வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மற்ற இடங்களிலும் ஓய்வு நேரத்தைச் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். 3 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது. வாரம் ஒரு நாள் லீவு.

அவன் கேட்கிற கேட்டரிங் வேலை இங்கேதான் இடிக்கிறது. நண்பர்கள் எல்லாம் போகிறார்கள் என்கிறான், உண்மைதான். ஆனால் ரிசப்ஷன் பந்தி ராத்திரி பத்து மணிக்கு மேலும் ஓடும். அப்புறம் மண்டபத்திலேயே ஒரு மூலையில் படுத்து, விடிவதற்குள் எழுந்து டிபனுக்கு இலை போட வேண்டும். கொதிக்கும் சாம்பார் வாளியோடு ஈரத்தரையில் ஓடும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். வேண்டாம். பைக்கில் டெலிவரியும் 18 ஆகாமல் முடியாது. லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை.

பள்ளி திறக்கும் சமயத்தில் ஸ்டேஷனரி கடைகளுக்கு ஆள் போதாது. என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி ஒரு கடையில் நோட்டுக்கு அட்டை போட்டான். முதல் வாரம் மடிப்பு கோணலாக வந்ததாம். பிறகு ஸ்கேலை வைத்து ஓரம் தேய்த்து மடிக்கக் கற்றுக்கொண்டான். வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேச வாயே வராத பிள்ளை, 'லேபிளும் வேணுமா அக்கா?' என்று தானாகவே கேட்க ஆரம்பித்தான்.

கணக்கில் கெட்டிக்காரன் என்கிறீர்களே, எனக்கு அதைவிடப் பிடித்தது தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். மூன்றாவது, நான்காவது படிக்கிற நாலு பேர் போதும். மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை, உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே. கடன் வாங்கிக் கழிப்பதை அடுத்தவனுக்குப் புரிய வைக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று தெரியும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்தே டைப்பிங், வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று வாட்ஸப்பில் வந்து முன்பணம் கேட்டால் அது மோசடி. வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் 'வாடகைக்கு' கேட்பவன் இன்னும் ஆபத்தானவன். திருட்டுப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு வைத்திருப்பவரைத்தான்.

சம்பளத்தை அவன் பெயரிலேயே கணக்குத் தொடங்கிப் போடச் சொல்லுங்கள், 10 வயது ஆனாலே தொடங்கலாம். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து கேட்காதீர்கள்.

கடைதான் என்று முடிவானால், சேருவதற்கு முந்தின நாள் நீங்களே போய் முதலாளியைப் பாருங்கள். என்ன சம்பளம், எத்தனை மணிக்கு விடுவீர்கள், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று மூன்றையும் பையனை வைத்துக்கொண்டே கேளுங்கள்.