இரைச்சல் சுவரை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

இரைச்சலையே இசையாக்கும் ஹார்ஷ் நாய்ஸில் மிகக் குறைவான மாற்றம் உள்ள ஆல்பங்கள், அதாவது தொடங்கியது முதல் முடியும்வரை ஒரே இரைச்சலாக நிற்கும் 'நாய்ஸ் வால்' (இரைச்சல் சுவர்) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: 40 நிமிஷமும் ஒரே இரைச்சல். இதில் நல்லது எது, கெட்டது எது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மெட்டு, தாளம், பாட்டு எதுவும் இல்லாதபோது மிஞ்சுவது ஒலியின் பதம்தான். கரகரவென்று இருக்கிறதா, சடசடவென்றா, மொறுமொறுவென்றா? நம்மிடம் இரட்டைக்கிளவி இருக்கும்போது இந்த விமர்சனத்துக்கு வேறு கலைச்சொல் தேட வேண்டாம். நல்ல சுவரில் குறைந்தது இரண்டு அடுக்கு கேட்கும். அடியில் கடகடவென ஒரு உருளல், மேலே சடசடவென ஒரு பொரியல். மாற்றமே இல்லாவிட்டாலும் காது இந்த இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டே இருக்கும். மட்டமான சுவரில் வெறும் 'ஸ்ஸ்' மட்டும்தான். இரண்டு நிமிஷத்தில் காது அதை மின்விசிறிச் சத்தம்போல ஒதுக்கிவிடும்.

கேள்வி: 'நாய்ஸ் வால்' என்று ஏன் பெயர்?

சுவர்போல நிற்பதால் 'வால்'. தமிழில் எழுதினால் நாய் வால் மாதிரி தெரிகிறது. நிமிர்த்த முடியாது என்பதால் அதுவும் பொருத்தம்தான்.

கேள்வி: 'தி ரீட்டா'வின் 'தவுசண்ட்ஸ் ஆஃப் டெட் காட்ஸ்' (2006) ஆல்பத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடிபடவில்லை.

'தி ரீட்டா' என்ற பெயரில் இசைக்கும் கனடாக்காரர் சாம் மெக்கின்லேயின் ஆல்பம். கூண்டுக்குள் இருந்து சுறா பார்க்கும் முக்குளிப்பின் ஒலிகள்தான் மூலப்பொருள். அதன் பலம் அந்தப் பொரியல். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, ஆனாலும் இடைவெளியே இல்லை. பலவீனம் என்று நான் சொல்வது, சுறாக் கதை தெரியாமல் கேட்டால் கடல் எங்கேயும் இல்லை. கதையைப் படித்துவிட்டுக் கேட்பவருக்கு ஒரு ஆல்பம், படிக்காதவருக்கு வேறு ஆல்பம். அந்த உதவியை ஒலியின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

வோமிர் என்ற பெயரில் இசைக்கும் பிரான்ஸின் ரொமேன் பெரோ இதற்கு நேர்மாறு. கருத்து வேண்டாம், மாற்றம் வேண்டாம், வளர்ச்சி வேண்டாம் என்று அறிக்கையே எழுதியவர். கச்சேரியில் தலையில் கறுப்பு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்வார். சாய்ந்துகொள்ள அங்கே கதை கிடையாது, ஒலி மட்டும்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: அண்ணே, மெட்டல் ஸோன் பெடலும் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) மிக்ஸரும் வைத்து 30 நிமிஷத்தில் ஒன்று செய்து அனுப்பியிருந்தேன். தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

மூன்று தடவை கேட்டேன் தம்பி. அடி ஒலி பிரமாதம். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்த டம்ளர் நடுங்கியது. ஆனால் முதல் 20 விநாடி மெதுவாக மேலே ஏற்றியிருக்கிறீர்கள். சுவருக்கு வாசற்படி எதற்கு? சட்டென்று ஆரம்பித்து, சட்டென்று வெட்டுங்கள். 18ஆவது நிமிஷத்தில் ஒரு குமிழைத் திருகியிருக்கிறீர்கள். அலுத்துப்போய்த் திருகியது அப்பட்டமாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு 'அடுத்து எப்போது மாறும்?' என்று காத்திருந்தேன், சுவர் போய்விட்டது. மேல் ஒலியும் வெறும் வெள்ளை இரைச்சலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளை இரைச்சலில் ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் ஒரே ஆற்றல். மேலே போகப் போக ஆக்டேவுக்குள் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளிக்குள்) ஹெர்ட்ஸ் கூடுவதால் உச்ச ஒலிகளே மிகுந்து சீறும். ட்ரெபிளைக் குறைத்து நடு ஒலியைத் தேடுங்கள்.

கேள்வி: யூடியூபில் கேட்டு விமர்சனம் எழுதலாமா?

எழுதாதீர்கள். யூடியூபில் ஒலிக்கோப்பைச் சுருக்கும் மென்பொருள் ஒலியில் ஒழுங்கைத் தேடுகிறது. இரைச்சலில் ஒழுங்கே இல்லாததால் தடுமாறி நுணுக்கங்களைக் கழித்துவிடும். குறைந்த பிட்ரேட்டில் (விநாடிக்கான தரவு அளவு) பொரியல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் சளசளக்கும். அந்தக் குறை ஆல்பத்துடையது அல்ல. எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு கிடைத்தால் அதைக் கேளுங்கள்.

கேள்வி: சத்தமாக வைத்தால்தான் புரியும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. ஆனால் இருப்பது ஒரு ஜோடி காதுதான். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழிற்சாலைகளுக்கு அமெரிக்க நிபுணர்கள் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான்.

கேள்வி: பாதியில் தூங்கிவிட்டேன். அது ஆல்பத்தின் குறையா?

எப்படி எழுந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆல்பம் முடிந்து அறை நிசப்தமானதும் திடுக்கிட்டு எழுந்திருந்தால், தூக்கத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். அதைப் பலம் என்ற பக்கத்தில் எழுதுங்கள். காலையில் பால்காரர் மணி அடித்து எழுந்திருந்தால் இன்னொரு தடவை கேளுங்கள், இந்த முறை உட்கார்ந்து.