ஆணுறை கிழிந்தால் கம்பெனி மேல் குற்றமா?

கேள்வி: பத்து ஆணுறை கொண்ட பெட்டியில் இரண்டு கிழிந்துவிட்டன. காலாவதிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்தான் வைத்திருந்தேன். வழவழப்புக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினோம். கடையில் பணம் திருப்பிக் கேட்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: கேட்டுப் பார்க்கலாம், ஆனால் உங்கள் பக்கம் நியாயம் நிற்காது. முதல் காரணம் எண்ணெய். பெரும்பாலான ஆணுறைகள் ரப்பர் பாலில் செய்தவை. எண்ணெய் பட்டால் சில நிமிஷத்திலேயே ரப்பர் பலம் இழக்கும், பார்த்தால் தெரியாது. வாஸ்லின், பேபி ஆயில், பாடி லோஷன் எல்லாமே அப்படித்தான். பூஞ்சைத் தொற்றுக்குப் பெண்கள் உள்ளே வைக்கும் சில க்ரீம்களிலும் எண்ணெய் உண்டு. அந்தச் சிகிச்சை நடக்கும்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கலில் தண்ணீர் அல்லது சிலிக்கான் சேர்ந்த ஜெல் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சூடு. அக்னி நட்சத்திரத்தில் பெட்ரோல் போட சீட்டைத் தூக்கியவர்களுக்கு உள்ளே அடிக்கும் அனல் தெரியும். வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால்தான் பெட்டியில் போட்ட தேதிக்கு அர்த்தம். பர்ஸும் வேண்டாம். உட்கார்ந்து எழும்போதெல்லாம் மடங்கித் தேயும். பீரோதான் சரி.

பிரிக்கும் முன் ஆணுறை இருக்கும் பாக்கெட்டை இரு விரலால் அழுத்துங்கள். உள்ளே காற்று மெத்தென்று தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் பாக்கெட்டில் ஓட்டை, தூக்கி எறியுங்கள். பல்லால் கடித்துக் கிழிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றியபடி அடிவரை உருட்டுங்கள். உருளவில்லையென்றால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அதையே திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுங்கள், ஏனென்றால் முன்கூட்டியே கசியும் திரவம் அதன் வெளிப்புறத்தில் பட்டிருக்கும். முடிந்ததும் விறைப்பு தளரும் முன்பே அடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும்.

கேள்வி: பயத்துக்கு இரண்டு மாட்டினால்?

பதில்: வேண்டாம். ஒன்றோடொன்று உரசி நழுவும், கிழியவும் வாய்ப்பு உண்டு. ஒன்றை ஒழுங்காகப் போட்டால் போதும்.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் இலவச நிரோத் மட்டமா? விலை கூடியது பாதுகாப்பா?

பதில்: 1968 முதல் இருக்கும் நிரோத்தும் சரி, விலை உயர்ந்த பெட்டியும் சரி, காற்றை ஊதி வெடிக்கும் சோதனை, தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் சோதனை இரண்டையும் தாண்ட வேண்டும். கூடுதல் காசு வாசனைக்கும் புள்ளிக்கும் மெல்லிய ரப்பருக்கும்தான். ‘எக்ஸ்ட்ரா டைம்’ வகையில் உட்புறம் மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கும். அதனால் பாதுகாப்பு அதிகமாகாது. வாசனை வகை வாய்வழி உறவுக்கு. காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது அகலத்தை. பெட்டியில் மில்லிமீட்டரில் இருக்கும், வழக்கமான அளவு 52 முதல் 54. இறுகினால் கிழியும், தளர்ந்தால் கழலும். இதில் கௌரவம் பார்க்காதீர்கள். ஆணுறைக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் சேர்த்திருந்தால் கேளுங்கள். ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வந்தால் பாலியூரித்தேன் வகை இருக்கிறது.

கேள்வி: ஆணுறை போட்டால் எந்த நோயும் வராதா?

பதில்: எச்ஐவி, கொனோரியாவுக்கு நல்ல காவல். பிறப்புறுப்பில் வரும் அக்கி (ஹெர்பீஸ்), சிபிலிஸ் புண், எச்பிவி வைரஸால் வரும் மரு ஆகியவை உறை மூடாத தோலிலும் இருக்கலாம். அங்கே காவல் பாதிதான்.

கேள்வி: நேற்றிரவு கிழிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

பதில்: கர்ப்பம் வேண்டாமென்றால் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், சீக்கிரம் போட்டால் பலன் அதிகம். சென்னையில் பல மெடிக்கல்களில் ‘ஸ்டாக் இல்லை’ என்பார்கள். அலைந்து நேரத்தைக் கழிக்காமல் மகப்பேறு டாக்டரிடம் போங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைத்தாலும் தடுக்கும். எச்ஐவி பயம் இருந்தால் தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம். வழி தெரியாவிட்டால் எச்ஐவி உதவி எண் 1097க்கு அழைக்கலாம். இன்றைய பரிசோதனையில் நேற்றைய தொற்று தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.