சம்பளமும் இ.எம்.ஐ.யும் ஒரே நாளில் மோதினால்

கேள்வி: எனக்கு மாதச் சம்பளம் 62,000 ரூபாய், 1-ம் தேதி வரும். வீட்டுக்கடன் இ.எம்.ஐ. 18,400 ரூபாய், 3,000 மற்றும் 2,000 ரூபாய்க்கு இரண்டு எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) என மூன்றும் 1-ம் தேதியே ஆட்டோ டெபிட் ஆகும். பைக் லோன் 4,150 ரூபாய் 2-ம் தேதி. இன்ஷூரன்ஸ் பிரீமியம் 2,600 ரூபாய் 3-ம் தேதி. கிரெடிட் கார்டு பில் 5-ம் தேதி. சமீபத்தில் ஒரு மாதம் 1-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பளம் திங்கள் மாலைதான் ஏறியது. அதற்குள் நான்கு டெபிட் திரும்பிவிட்டன. பேங்க் ஒவ்வொன்றுக்கும் 590 ரூபாய் பிடித்தது. வீட்டுக்கடன் நிறுவனம் 600, பைக் லோன் நிறுவனம் 500 ரூபாய் கேட்கின்றன. பணத்தை மறுநாளே கட்டிவிட்டேன். பைக் லோன் ஏஜென்ட் போனில், 'இதுவும் செக் பவுன்ஸ் மாதிரிதான், கேஸ் ஆகும்' என்கிறார். எல்லாத் தேதிகளையும் மாற்றிவிடட்டுமா? தனியாக ஒரு அக்கவுன்ட் தொடங்கட்டுமா?

பதில்: கூட்டிப் பார்த்தேன். பேங்க் பிடித்தது 2,360, கடன் நிறுவனங்கள் கேட்பது 1,100, ஆக 3,460 ரூபாய். உங்கள் பைக் தவணையே இதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இதில் எரிச்சலான விஷயம், உங்களிடம் பணம் இல்லாமல் இது நடக்கவில்லை என்பதுதான். கார்டு பில்லைத் தவிர்த்து மாதம் 30,150 ரூபாய் போகிறது, சம்பளத்தில் பாதிகூட இல்லை. பணம் வந்து சேர ஒன்றரை நாள் தாமதமானது, அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் பிரச்சினை இல்லையே என்று தோன்றும். முன்பு 1-ம் தேதி ஞாயிறு என்றால் டெபிட்டும் திங்கட்கிழமைதான் வரும். சம்பளமும் தள்ளிப்போகும், தவணையும் தள்ளிப்போகும், யாருக்கும் தெரியாது. 2021 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை மாற்றிவிட்டது. இ.எம்.ஐ., எஸ்.ஐ.பி. எல்லாம் எடுக்கப்படுவது என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிமாற்ற நிறுவனம் நடத்தும் நாச் என்ற ஏற்பாட்டில் (இன்னும் பலர் பழைய பெயரில் இ.சி.எஸ். என்றே சொல்கிறார்கள்). அது இப்போது ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் வருஷம் முழுக்க ஓடுகிறது. ஆனால் உங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் பிரிவு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சம்பள ஃபைலை ஏற்றுமா? இயந்திரத்துக்கு லீவு கிடையாது, சம்பளம் போடுகிறவருக்கு உண்டு. அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டீர்கள்.

வார நாளாக இருந்தாலும் ஆபத்து முழுக்கப் போய்விடாது. கடன் நிறுவனம் தவணை ஃபைலை முன்கூட்டியே அனுப்பிவிடும். உங்கள் பேங்க் அதை எடுத்து ஓட்டும் நேரத்தில், பெரும்பாலும் காலையிலேயே, கணக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. மாலையில் சம்பளம் வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் பைக் தவணைக்குத் திங்கட்கிழமை அதுதான் நடந்தது. ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள்: முதலில் ரிட்டர்ன் சார்ஜ் 500, அடுத்த வரியில் ஜி.எஸ்.டி. 90, இப்படி நான்கு ஜோடி இருக்கும். அதற்கும் கீழே வெள்ளந்தியாகச் சம்பளம் வந்து நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்?

தேதிகளை எல்லாம் மாற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வீட்டுக்கடன் விஷயத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். 1-ம் தேதியை 5-க்குத் தள்ளினால் இடையில் இருக்கும் நான்கு நாளுக்கு வட்டி வரும். 20 லட்சம் பாக்கி, 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,863 ரூபாய். அது ஒரே தடவைதான், அபராதமும் இல்லை, போகட்டும். எனக்குப் பயம் வேறு. புதுத் தேதிக்குப் புது மேண்டேட் (கணக்கிலிருந்து தானாக எடுக்க நீங்கள் தரும் அனுமதி) கேட்பார்கள். புதியது பதிவாகும்வரை பழையது உயிரோடு இருக்கும். அந்த ஒரு மாதம் இரண்டும் பாய்ந்து, இரண்டு தவணை போய், ஒன்றைத் திருப்பி வாங்க அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கடனை விட்டுவிடுங்கள்.

தேதியை மாற்றுவதற்குப் பதில், பணத்தின் மாதத்தை மாற்றுங்கள். இந்த மாதச் சம்பளத்திலிருந்து இந்த மாத இ.எம்.ஐ. போகக் கூடாது, அடுத்த மாத இ.எம்.ஐ. போக வேண்டும். அதாவது இரண்டு கடனுக்குமான 22,550 ரூபாய், மாதம் பிறக்கும் முன்பே கணக்கில் இருக்க வேண்டும். சம்பளம் 1-ம் தேதி வந்தால் என்ன, 3-ம் தேதி மாலை வந்தால் என்ன, அது அடுத்த மாதத்துக்கான பணம். ஒரே ஒரு தடவைதான் இந்தத் தொகையைப் புரட்ட வேண்டும். அப்புறம் அது தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எங்கிருந்து புரட்டுவது? பேங்கில் டெபாசிட் ஏதாவது இருந்தால் அதிலிருந்து 25,000 ரூபாயை இன்றைக்கே எடுங்கள். 7 சதவீத டெபாசிட் என்றாலும் வருஷத்துக்கு 1,750 ரூபாய் வட்டிதான் போகும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறீர்கள். டெபாசிட் இல்லையென்றால் இரண்டு எஸ்.ஐ.பி.களையும் ஐந்து மாதம் நிறுத்தி வையுங்கள், 25,000 சேர்ந்துவிடும். எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொல்கிறாரே என்று என் தொழிலில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 2,000 ரூபாய் முதலீடு செய்யப் போய் 590 ரூபாய் தண்டம் கட்டினால், அதை ஈடுகட்ட அந்த ஃபண்டு கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏற வேண்டும். நானே ஒரு தடவை பேங்க் மாற்றிய மாதத்தில், பழைய கணக்கில் கிடந்த 1,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை மறந்து 590 கட்டியவன்தான்.

திரும்ப ஆரம்பிக்கும்போது எஸ்.ஐ.பி.யை 7-ம் தேதிக்கு வையுங்கள். தேதியை மட்டும் மாற்ற வழியில்லை என்றால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். 1-ம் தேதி வாங்கினால் லாபம், 7-ம் தேதி வாங்கினால் நஷ்டம் என்று எதுவும் இல்லை. தவணை தவறியதற்கு ஃபண்டு நிறுவனம் அபராதம் போடாது, பேங்க்தான் போடும். ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாகிவிடும்.

இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை முடிந்தால் வருஷத்துக்கு ஒரு முறை கட்டுவதாக மாற்றுங்கள். மாதப் பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 15 நாள், வருடப் பிரீமியத்துக்கு 30 நாள். பன்னிரண்டு தடவை தவற வாய்ப்பிருப்பது ஒரே தடவையாகக் குறையும்.

கார்டு பில் 5-ம் தேதியில் இருப்பது இடைஞ்சல் என்றால், பில்லிங் சுழற்சியை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டு வாங்குங்கள். கெடு தேதியிலிருந்து மூன்று நாள் தாண்டினால்தான் கார்டு நிறுவனம் தாமதக் கட்டணம் போடலாம் என்பதும் விதி. கார்டுக்கு ஆட்டோ டெபிட் போட்டிருந்தால், அது முழுத் தொகைக்கா, மினிமம் தொகைக்கா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். மினிமத்தில் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் வட்டி கட்டுகிறவர்கள் ஏராளம்.

தனி அக்கவுன்ட் நல்ல யோசனைதான், ஆனால் அது மட்டும் போதாது. சம்பளம் வந்தவுடன் அங்கே மாற்றுவேன் என்று வைத்தால், அதே ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் வரும். முதலில் 22,550 டெபிட் ஆகும் கணக்கில் உட்காரட்டும். மேண்டேட்டை மாற்றுவதில்தான் சிக்கல் என்று மேலே சொன்னேனே, அதனால் கடன் டெபிட்டுகள் இப்போதிருக்கும் கணக்கிலேயே இருக்கட்டும். செலவுக்கான பணத்தைத்தான் புதுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஏ.டி.எம். கார்டு, யு.பி.ஐ. எல்லாம் புதுக் கணக்கில் இருந்தால், பழைய கணக்கின் பணத்தில் கை வைக்கத் தோன்றாது.

அந்தத் தொகை சேரும்வரை மாதக் கடைசியில் காலண்டரைப் பாருங்கள். 1 அல்லது 2 ஞாயிறா? பிப்ரவரி 1 ஞாயிறு என்றால், லீப் வருஷம் இல்லாத வரை, மார்ச் 1-ம் ஞாயிறுதான். ஒரு தடவை மாட்டியவர் அடுத்த மாதமே மறுபடி மாட்டுவார். ஏப்ரல் 1 எந்தக் கிழமையாக இருந்தாலும், வங்கிகளின் வருடாந்திரக் கணக்கு முடிப்புக்காக விடுமுறை விடப்படும் நாள். அப்படிப்பட்ட மாதம் பிறக்கும் முன், 25-ம் தேதிக்கு மேல் வரும் செலவைத் தள்ளிப்போட்டாவது தவணைப் பணத்தைக் கணக்கில் வைத்திருக்கப் பாருங்கள்.

நடந்ததற்கு வருவோம். கட்டிவிட்டேன் என்கிறீர்கள், நல்லது. ஆனால் இரண்டு நிறுவனத்திடமும் ஒன்று கேளுங்கள்: இந்தத் தவணையை மறுபடி டெபிட்டுக்கு அனுப்புவீர்களா? சில நிறுவனங்கள் அதே மாதத்தில் இன்னொரு தடவை அனுப்பும். கணக்கில் பணம் இருந்தால் இரட்டை டெபிட், இல்லாவிட்டால் இன்னொரு 590. அனுப்ப மாட்டோம் என்று ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பேங்கிடம், இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை, ஞாயிற்றுக்கிழமையால் வந்தது என்று எழுதி, கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முதல் தடவை என்பதால் இரண்டாவது, மூன்றாவது ரிட்டர்னுக்காவது விட்டுக்கொடுக்க வாய்ப்புண்டு. நான்கையும் எதிர்பார்க்காதீர்கள்.

சிபில் (நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பதிவு வைக்கும் நிறுவனம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2025 ஜனவரியில் கடன் விவரம் அங்கே 15 நாளுக்கு ஒரு முறை போகத் தொடங்கியது. மறுநாளே கட்டியதால் பெரிய காயம் இருக்காது. இருந்தாலும் ஒரு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து இந்த இரண்டு கடனையும் பாருங்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் புதுக் கடனுக்குப் போவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், அதில் அந்த நான்கு ரிட்டர்ன் வரிகளும் கண்ணில் படும்.

கடைசியாக அந்த ஏஜென்ட். அவர் சொன்னதில் பாதி உண்மை. 2007-ம் ஆண்டின் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம், 25-வது பிரிவின்படி, பணம் போதாமல் ஆட்டோ டெபிட் திரும்புவது செக் பவுன்ஸ் போலவே குற்றம்தான். இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது தொகையில் இரண்டு மடங்குவரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்ட பாதி: முதலில் நிறுவனம் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும், அது கையில் கிடைத்து 15 நாளுக்குள்ளும் நீங்கள் கட்டாமல் இருந்தால்தான் குற்றமே ஆகும். நீங்கள் மறுநாளே கட்டிவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டால் வாதாட வேண்டாம், ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இனி எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.