ஒரே ஒரு மரபணு பூச்சியின் நடையையும் இரை தேடலையும் மாற்றிவிடுமா? மூளை அமைப்புக்கும் அதில் பங்கு உண்டா?

மாற்றும். செமினாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து 'சோம்பேறி மரபணு' என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். அப்படிப் புரிந்துகொண்டுதான் நான் ஆறு வாரம் தொலைத்தேன்.

பழ ஈயின் 'ஃபோரேஜிங்' (இரை தேடல்) மரபணு இது. மார்லா சோகோலோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1980-இல் இந்த ஈயின் இரண்டு வகைப் புழுக்களைப் பற்றி எழுதினார். ஒன்று அலைந்து தின்னும், மற்றது இருந்த இடத்திலேயே தின்னும். இந்த மரபணு உண்டாக்குவது, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் பிகேஜி என்ற நொதி என்பது 1997-இல் தெரிந்தது. அலைபவற்றில் அதன் செயல்பாடு அதிகம்.

திட்ட உதவியாளராக இருந்தபோது என் வேலை, ஈஸ்ட் பசை தடவிய தட்டில் புழுவை விட்டு, ஐந்து நிமிடத்தில் அது போடும் தடத்தை அளப்பது. பசை தடவித் தடவி அலுத்துப்போய், நடையைத்தானே அளக்கிறோம், சாப்பாடு எதற்கு என்று உணவில்லாத வெறும் அகார் கூழிலேயே விட ஆரம்பித்தேன். இரண்டு வகையும் ஒரே மாதிரி ஓடின! புட்டிகள் கலந்துவிட்டன என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக வளர்த்தேன். மறுபடியும் அதே கதை. கடைசியில் சீனியர் அக்கா எட்டிப் பார்த்து, "ஈஸ்ட் எங்கப்பா?" என்றார். உணவு இருந்தால்தான் அந்த வித்தியாசமே தெரியும். இது சோம்பேறித்தனம் என்றால் வெறும் தட்டிலும் தெரிந்திருக்க வேண்டாமா?

'சூழலுக்குப் பங்கே இல்லையா' என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: இருக்கிறது. கொஞ்ச நேரம் பட்டினி போட்டால் அலையும் புழுவும் அடங்கி உட்கார்ந்து தின்னும். தேனீயிலும் இதே மரபணு உண்டு. கூட்டுக்குள் குஞ்சு பார்க்கும் தேனீயைவிட வெளியே இரை தேடப் போகும் தேனீயின் மூளையில் அது கூடுதலாக வேலை செய்யும்.

நீங்கள் மூளை அமைப்பையும் கேட்டிருந்தீர்கள். அதற்கு 'நோ-பிரிட்ஜ்' (பாலம் இல்லாதவை) என்ற மரபணு மாற்றமுள்ள பழ ஈக்களைப் பாருங்கள். மூளையின் மையத் தொகுதியில் பாலம் போன்ற ஒரு பகுதி இவற்றுக்கு நடுவில் அறுந்திருக்கும். கால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடியை எட்டிப் போட்டு வேகம் எடுக்க வராது. காளான் உடல்கள் என்ற பகுதியை நீக்கினாலோ நேர்மாறு: நடக்கத் தொடங்கினால் எளிதில் நிற்காது. ஆக, வேகத்துக்கு ஒரு பகுதி, அடங்குவதற்கு இன்னொன்று.

அப்புறம், நான் தடம் அளந்த அந்த ஆய்வின் கட்டுரை வெளியானது. தடம் முழுக்க அளந்தது நான். என் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் இருந்தது, இனிஷியல் தப்பாக.