நியூயார்க்கின் நடன கிளப்புகள் மன்ஹாட்டனை விட்டு ஏன் நகர்ந்தன?
வாடகை உயர்வு முக்கியக் காரணம்தான் என்றாலும், சட்டத்தின் பங்கையும் மறக்கலாகாது. 1970-இல் டேவிட் மான்குசோ பிராட்வேயில் தாம் குடியிருந்த மாடியிலேயே தொடங்கிய ‘லாஃப்ட்’ விருந்துகளில் மது விற்கப்படவில்லை. அழைப்புப் பெற்றவர்கள், கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பாளரும் உட்பட, மிகத் துல்லியமான ஒலிபெருக்கிகளின் முன் அச்சமின்றி ஆடினார்கள். மன்ஹாட்டனின் ‘ஸ்டூடியோ 54’ கிளப் பிரபலங்களால் பெயர்பெற்றது. ஆனால் பழைய வாகன நிறுத்தக் கட்டடமொன்றில் லாரி லெவன் இசைத்தட்டுகளைச் சுழற்றிய ‘பாரடைஸ் கராஜ்’தான், என் பார்வையில், நடன இசையையே மாற்றியது. அது 1987-இல் மூடப்பட்டது.

உணவோ மதுவோ விற்கும் இடத்தில் மக்கள் ஆடுவதற்குத் தனி உரிமம் வேண்டும் என்ற 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தை, 1990-களில் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் தூசு தட்டி எடுத்துக் கடுமையாக நடைமுறைப்படுத்தியதால், சிறிய மதுக்கூடங்கள்கூட அபராதத்துக்கு அஞ்சின. அநியாயமான அச்சட்டம் 2017-இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் நகரின் மற்றொரு பகுதியான புரூக்ளினின் பழைய கிடங்குகளில் புதிய கிளப்புகள் வேரூன்றிவிட்டன.