நாலாம் நம்பர் கவுன்டர்: மாணவர் கேள்வி – பதில்

(பல்கலைக்கழக அலுவலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அம்மா, திட்டக்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சேப்பாக்கத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறேன். பி.ஏ. படித்த கல்லூரியில் வாட்ச்மேன் அண்ணனுக்குக்கூட என் பெயர் தெரியும். இத்தனை பெரிய இடத்தில் என்னை ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். டி.சி. வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கமே போய்விடலாமா?
– ஒரு மாணவி, சென்னை

பதில்: போகலாம். டி.சி. கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால், பாக்கி ஒன்றும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நூலகம், விடுதி, துறை என்று கையெழுத்துக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலை வேறு காரியத்துக்கு அலையேன் என்பதுதான் நான் சொல்வது. (உன் வயசுப் பெண்ணுக்கு 'நீங்கள்' போட்டு எழுத எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்.)

முதலில் அந்தப் 'பெரிய இடம்' சமாச்சாரம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது தென்னிந்தியாவில் பெரும்பகுதி அதன் கையில்தான் இருந்தது. 1916-ல் மைசூர், 1926-ல் ஆந்திரா, 1929-ல் அண்ணாமலை, 1966-ல் மதுரை என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தனிக்குடித்தனம் போயின. அப்படியும் சென்னையைச் சுற்றியுள்ள கல்லூரிகள் மிச்சம் இருக்கின்றன. லட்சக்கணக்கு என்று நீ கேள்விப்படுகிற கூட்டமெல்லாம் அந்தக் கல்லூரிகளில் இருக்கிறது. உன் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். பி.ஏ. வகுப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஏன் இப்படி இருக்கிறது? கல்லூரியில் உன்னைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். இங்கே நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், அத்தோடு சரி. யாரும் வந்து தோளைத் தட்ட மாட்டார்கள். நீயாகப் போய் நிற்க வேண்டும். முதலில் துறை அலுவலகத்துக்குப் போய் நில். போனஃபைடு சான்றிதழ் வாங்கவாவது எப்படியும் போகத்தான் போகிறாய். படிவத்தை நீட்டும்போது பெயரோடு ஊரையும் சொல். 'திட்டக்குடியா, அங்கே எங்க சின்னம்மா வீடு இருக்கு' என்று யாராவது ஒருத்தர் ஆரம்பிக்காவிட்டால் எனக்கு எழுது.

அடுத்தது ஆராய்ச்சி மாணவர்கள். பி.எச்.டி. பண்ணுகிறவர்கள் மதியம் ஏதாவது ஓர் அறையில் செய்தித்தாளை விரித்துப்போட்டுச் சேர்ந்து சாப்பிடுவது பல துறைகளில் வழக்கம். வீட்டிலிருந்து தக்காளித் தொக்கு கொண்டுவந்திருப்பாய் அல்லவா, அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போ. 'அக்கா, இந்தப் பேப்பருக்கு எதைப் படிக்கணும்?' என்று கேள். பாதிப் பேருக்குத் தங்கள் தலைப்பைப் பற்றிக் கேட்க ஆள் கிடைக்காத ஏக்கம் உண்டு. தொக்கு தீர்வதற்குள் உனக்கு ஒரு புத்தகப் பட்டியலும் ரெண்டு சிநேகிதமும் கிடைக்கும்.

நீ வரலாறு படிக்கிறவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காகிதம் முதல் அங்கே உண்டு. துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் பார். அங்கேயே பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்தது, 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் அதற்கு அஸ்திவாரம். சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறினால் நேராகத் தரமணியில் இறங்கலாம். எழும்பூருக்கு டவுன் பஸ் போதும், சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஊர்ப்பக்கம் போய்விட்டால் இதே நூலகங்களுக்கு ராத்திரி பஸ் பிடித்து வரவேண்டியிருக்கும்.

சாயங்காலம் எதிரே உழைப்பாளர் சிலைப் பக்கம் போய் உட்கார், சுண்டல் வாங்கிச் சாப்பிடு, ஆனால் வகுப்பில் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. கடற்கரையில் தனியாக உட்கார்ந்து கண் கலங்குவது சினிமாவுக்குத்தான் நன்றாக இருக்கும்.

முதல் செமஸ்டர் தேர்வு வரை இரு. அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்றால் எழுது. நோ டியூஸ் படிவத்தில் யாரிடம் முதலில், யாரிடம் கடைசியில் கையெழுத்து வாங்கினால் ஒரே நாளில் முடியும் என்று நானே சொல்லித் தருகிறேன்.

கேள்வி: பையன் விடுதியைக் காலி செய்துவிட்டுத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் நண்பர்களோடு தங்குகிறேன் என்கிறான். விடலாமா?
– ஒரு தகப்பனார், ஆரணி

பதில்: விடுதிச் சாப்பாட்டைத் திட்டாத பையன் இனிமேல்தான் பிறக்க வேண்டும், சார். ஆனால் பெரும்பாலான அரசு விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம்தான். அந்த மாதம் ஆன செலவை, சாப்பிட்ட ஆட்களுக்கும் நாட்களுக்கும் வகுத்துப் போடுவார்கள். லாபம் வைக்க ஆள் இல்லை. மேன்ஷனில் வாடகை தனி, மூன்று வேளை மெஸ் தனி, நடுவில் டீயும் பஜ்ஜியும் தனி. வேலை தேடுகிறவனுக்கு மேன்ஷன் தோது. படிக்கிறவன் விடுதியில் இருக்கட்டும். விடுதி மாணவன் என்று சொல்லி உதவித்தொகை வாங்குகிறான் என்றால், காலி செய்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதையும் அவனிடம் கேளுங்கள். பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

கேள்வி: பட்டமே இல்லாத கணிதமேதை ராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் பணம் கொடுத்ததா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கொடுத்தது. எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய அந்தக் காலத்துப் படிப்பு) தேறாதவர், துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா. 1913-ல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள், அவரும் தந்தார். அந்தக் கோப்பில் 'விதியில் இடமில்லை' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கோப்பு எழுதுகிற தம்பி தங்கைகள் யாராவது படித்தால் சரி.

கேள்வி: நன்றாக எழுதிய பேப்பரில் 28 மார்க் போட்டிருக்கிறார்கள். மறுமதிப்பீடு கேட்டால் இன்னும் குறைத்துவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– பி.காம். மாணவர், ஆவடி

பதில்: யாரும் கோபித்துக்கொண்டு குறைக்க மாட்டார்கள், தம்பி. திருத்துகிறவர் கையில் உங்கள் பதிவு எண்ணே போகாது, டம்மி நம்பர்தான் போகும். மார்க் குறைந்தால் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அறிவிப்பில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

விடைத்தாள் நகல் தரும் வசதி இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். சிவப்பு மை படாத பக்கம் இருக்கிறதா, கேள்வி எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்களா, கூடுதலாக வாங்கிய தாள் கட்டோடு இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டலில் பிழை, அல்லது ஒரு விடை திருத்தாமல் விடுபட்டிருக்கிறது என்றால் மறுகூட்டலே போதும், கட்டணமும் குறைவு. விடைக்குப் போட்ட மார்க்கே குறைவு என்று பாடம் எடுத்த ஆசிரியரும் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். 'நான் நன்றாக எழுதினேன்' என்பது கவுன்டரில் எல்லாரும் சொல்கிற வசனம்.

கடைசித் தேதியை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, மறுமதிப்பீட்டு முடிவு வரட்டும் என்று அரியர் கட்டணம் கட்டாமல் இருக்காதீர்கள். முடிவு தாமதமாகி, அதுவும் ஃபெயில் என்று வந்தால் அடுத்த தேர்வும் போய், ஆறு மாதம் வீண். அரியருக்கும் சேர்த்தே கட்டிவிடுங்கள்.