முதல் வருசக் கல்குலஸ்: புதுசா கம்பஸ் வந்த பிள்ளையளின்ர கேள்வியளுக்குப் பதில்

புது பட்ச் உள்ளுக்க வந்ததில இருந்து கல்குலஸ் (நுண்கணிதம்) பாடத்தைப் பற்றித்தான் கனக்கப் பேர் கேட்டிருக்கினம். ஒரே மாதிரி வந்ததுகளைச் சேர்த்து இதில பதில் எழுதுறன். விதிமுறையள் பீடத்துக்குப் பீடம் கொஞ்சம் மாறும், அதால உங்கட கையேட்டை ஒருக்கா முழுசா வாசிச்சுப் போடுங்கோ. வாசிக்காமல் சீனியரிட்ட கேட்டு நடக்கிற பிள்ளையள்தான் கடைசியில அந்தரிக்கிறது.

உயர்தரத்தில இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்தனான். வகையீடு, தொகையீடு எல்லாம் ரியூசனில கரைச்சுக் குடிச்சாச்சு. முதல் செமஸ்ரரில அதையே திருப்பிப் படிப்பிக்கேக்க லெக்சருக்குப் போகத்தான் வேணுமோ? (கொக்குவில்)

தம்பி, கட்டாயம் போகவேணும், அதுவும் ஏ எடுத்த பிள்ளை எண்டால் இன்னும் கவனமாப் போகவேணும். தலைப்புகளைப் பாத்தால் அதே எல்லை, அதே தொடர்ச்சி, அதே வகையீடுதான், ஆனால் கேக்கிற கேள்வி வேற. எக்ஸ் 3-ஐ நெருங்கேக்க 2எக்ஸ் + 1 எதை நெருங்கும் எண்டு உயர்தரத்தில கேட்டால் 3-ஐப் போட்டு 7 எண்டு எழுதிப்போட்டு அடுத்த கணக்குக்குப் போவியள். இங்க அந்த 7-ஐ நிறுவச் சொல்லுவினம். ஒருத்தர் எப்சிலன் எண்டு எவ்வளவு சின்ன நேர் எண்ணைத் தந்தாலும், அதில பாதியை டெல்ராவா எடுத்தால், எக்ஸ் 3-இல இருந்து டெல்ராவுக்குக் குறைஞ்ச தூரத்தில நிக்கும்வரைக்கும் சார்பு 7-இல இருந்து எப்சிலனுக்குள்ளதான் நிக்கும் எண்டு காட்டவேணும். ஏன் பாதி எண்டால், 2எக்ஸ் + 1-இல இருந்து 7-ஐக் கழிச்சால் வாறது எக்ஸ் - 3 இன்ர ரெண்டு மடங்கு, அவ்வளவுதான் விசயம். எப்சிலன் முதல் வரும், டெல்ரா அதைப் பாத்துப் பிறகு வரும், இந்த ஒழுங்கு மாறினால் நிறுவலே இல்லை.

இன்னொண்டும் சொல்லுறன், ஏ எடுத்த பிள்ளையள்தான் இதைக் கூடச் செய்யினம். எக்ஸ் பூச்சியத்தை நெருங்கேக்க, சைன் எக்ஸை எக்ஸால பிரிச்சு வாறது 1-ஐ நெருங்கும் எண்டு நிறுவச் சொன்னால் லோபிதால் விதியை (மேலயும் கீழயும் தனித்தனிய வகையிட்டு எல்லை எடுக்கிற விதி) போட்டு ஒரு வரியில முடிச்சுப் போடுவினம். ஆனால் சைனின்ர வகையீடு கோசைன் எண்டு முதற் கோட்பாட்டில இருந்து எடுக்கிறதுக்கே அந்த எல்லை தேவைப்படுது. நிறுவவேண்டியதையே எடுத்துப் பாவிச்சு நிறுவினால் மார்க்ஸ் கிடைக்காது.

முதல் மாதம் விளங்கேல்லை எண்டு பயப்பிட வேண்டாம். நியூட்டனும் லைப்னிற்சும் கல்குலஸைக் கொண்டுவந்தது 17-ஆம் நூற்றாண்டில, எல்லைக்கு இந்தத் திருத்தமான வரைவிலக்கணம் போல்சானோ, கோஷி, வையர்ஸ்ராஸ் எண்டு 19-ஆம் நூற்றாண்டுக்காரர் கைக்குப் போய்த்தான் சரிவந்தது. அவ்வளவு பெரிய ஆக்களுக்கே அவ்வளவு காலம் எடுத்த ஒரு விசயத்துக்கு நீங்கள் ரெண்டு மூண்டு கிழமை குடுக்கலாம்.

80 வீத அற்றெண்டன்ஸ் எண்டதை உண்மையா பாக்கினமோ? நான் பருத்தித்துறையில இருந்து பஸ்ஸில வாறனான், காலமை எட்டு மணி லெக்சர் அடிக்கடி தவறுது.

பாக்கினம். எங்கட பல்கலைக்கழகங்களில 80 எண்டதுதான் வழமை, குறைஞ்சால் எக்ஸாம் எழுத விடாமல் மறிக்கலாம். பஸ் பிரச்சினை உண்மையானது எண்டு எனக்கும் தெரியும், ஆனால் அதை லெக்சரரிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்கோ, செமஸ்ரர் முடியிற கிழமையில சொன்னால் அவராலயும் ஒண்டும் செய்யேலாது. சிநேகிதப் பெட்டையைக் கொண்டு கையெழுத்து வைப்பிக்கிற வேலை மட்டும் வேண்டாம், பிடிபட்டால் ரெண்டு பேருக்கும் ஒழுக்காற்று விசாரணை வரும்.

ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் படிக்கவேணும்?

இதுக்கு நான் நினைச்ச ஒரு கணக்குச் சொல்லத் தேவையில்லை, ஏற்கனவே எழுதி வச்சிருக்கினம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிற் எண்டால் மாணவரின்ர 50 மணித்தியால உழைப்பு. அதில லெக்சர் 15 மணித்தியாலம்தான். அப்ப மூண்டு கிரெடிற் கல்குலஸ் பாடம் எண்டால் மொத்தம் 150, லெக்சருக்குப் போறது 45, மிச்சம் 105-உம் நீங்களா இருந்து கணக்குச் செய்யிறது, ரியூட்டோரியல், வாசிப்பு, எக்ஸாம் ஆயத்தம் எல்லாம். 15 கிழமைக்குப் பிரிச்சால் கிழமைக்கு ஏழு மணித்தியாலம் வரும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் இந்தப் பாடத்துக்கு எண்டு வையுங்கோ, காணும். ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் பேனையும் கொப்பியுமா இருக்கவேணும். யூடியூப்பில ஒருத்தர் செய்யிறதைப் பாத்துக்கொண்டு இருந்தால் எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும், பேந்து வெறும் தாளை வச்சுக்கொண்டு இருக்கேக்க முதல் வரியே வராது.

மகள் முதலாம் வருசம். கல்குலஸ் கஸ்ரம் எண்டு அழுறாள். தனியா ஒரு மாஸ்ரரைப் பிடிச்சு ரியூசன் குடுக்கட்டோ? (சாவகச்சேரியில இருந்து ஒரு அம்மா)

அம்மா, உங்கட மனம் விளங்குது, ஆனால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில்ல தொடங்கி உயர்தரம் வரைக்கும் எங்கட பிள்ளையளுக்கு எல்லாத்தையும் ரியூசன்தான் செய்து குடுத்தது. மாஸ்ரர் ஒரு வகைக் கணக்கைச் செய்து காட்டுவார், பிள்ளை அதே மாதிரி இருவது செய்யும், எக்ஸாமிலயும் அதே வகை வரும். கம்பஸில வாற கணக்கு அந்த வகைக்குள்ள நிக்காது, பிள்ளை தானா இருந்து குழம்பி, பிழைவிட்டு, திரும்பச் செய்து பழகவேணும், அந்தக் குழப்பம்தான் படிப்பு. அதையும் ஒரு மாஸ்ரர் எடுத்துப்போட்டால் அடுத்த செமஸ்ரரில இன்னும் பெரிசா அழுவாள்.

அவவுக்கு வேற உதவியள் இருக்கு, அதுக்குக் காசும் தேவையில்லை. ரியூட்டோரியல் வகுப்புக்கு கணக்கைச் செய்து பாத்திட்டுப் போகட்டும், செய்ய முடியாமல் நிண்ட இடத்தைக் குறிச்சுக்கொண்டு போகட்டும். லெக்சரர் சந்திக்கக் குடுக்கிற நேரத்தில கனக்க நாள் ஒருத்தரும் வாறதில்லை, அது எங்களுக்கும் கவலையா இருக்கும். மூண்டு நாலு பிள்ளையள் சேர்ந்து லைப்ரரியில இருந்து ஒருத்தருக்கு ஒருத்தர் விளங்கப்படுத்திறதும் நல்லது. நீங்கள் செய்யிறது எண்டால், ரிசல்ற்றைக் கேக்காமல் இண்டைக்கு எந்தக் கணக்கு நிண்டுபோச்சு எண்டு கேளுங்கோ. கணக்கு விளங்காட்டிலும் பரவாயில்லை, அவ சொல்லட்டும்.

விடை சரி, ஆனால் பத்துக்கு மூண்டு மார்க்ஸ்தான் போட்டிருக்கினம். இது நியாயமோ?

உங்கட ஸ்கிறிப்ற்றைப் பாக்காமல் தீர்ப்புச் சொல்லேலாது. திருத்தின முறையை லெக்சரரிட்ட மரியாதையா கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு, போய்க் கேளுங்கோ. ஆனால் வழமையா மார்க்ஸ் போறது எங்க எண்டு சொல்லுறன்.

தேற்றத்தைப் பாவிக்கேக்க அதுக்குரிய நிபந்தனை பொருந்துதோ எண்டு ஒரு வரி எழுதவேணும். இந்த ஒரு வரிக்குத்தான் கனக்க மார்க்ஸ். 1 கீழ் எக்ஸ் வர்க்கம் எண்ட சார்பை -1 இல இருந்து 1 வரைக்கும் தொகையிடுங்கோ எண்டு குடுத்தால் பாதிப் பிள்ளையள் கடகடவெண்டு செய்து -2 எண்டு எழுதுவினம். அந்த வரைபு முழுக்க அச்சுக்கு மேல நிக்குது, மேல நிக்கிற ஒண்டின்ர பரப்பு எப்பிடி மறையா வரும்? பூச்சியத்தில சார்பு வெடிச்சு மேல போகுது, கல்குலஸின்ர அடிப்படைத் தேற்றத்துக்கு வேண்டிய தொடர்ச்சி அங்க இல்லை, அந்தத் தொகையீடு ஒருங்கவே ஒருங்காது, அதாவது அதுக்கு ஒரு முடிவான பெறுமானமே இல்லை.

ரோலின்ர தேற்றமும் அப்பிடித்தான்: சார்பு தொடர்ச்சியாயும் உள்ளுக்க வகையிடக்கூடியதாயும் இருந்து, ரெண்டு முனையிலயும் ஒரே பெறுமானம் எண்டால், நடுவில எங்கயோ வகையீடு பூச்சியமாகும் எண்டு அது சொல்லுது. எக்ஸின்ர தனிப்பெறுமானத்தை -1 இல இருந்து 1 வரைக்கும் எடுத்தால் ரெண்டு முனையிலயும் 1, தொடர்ச்சியும் இருக்கு, ஆனால் வகையீடு பூச்சியமாகிற புள்ளி ஒண்டும் இல்லை, ஏனெண்டால் நடுவில பூச்சியத்தில வகையிடேலாது. உங்கட விடை சரியா வந்தது அந்தச் சார்பு நல்ல சார்பா இருந்ததாலயோ, நீங்கள் நிபந்தனையைப் பாத்ததாலயோ எண்டு திருத்திறவருக்குத் தெரியவேணும், அது தாளில இருந்தால்தான் தெரியும்.

இன்-கோர்ஸ் ரெஸ்ற் (செமஸ்ரருக்கு நடுவில வைக்கிற சோதினை) நடந்த அண்டைக்கு எனக்கு டெங்குக் காய்ச்சல். திரும்ப எழுத விடுவினமோ?

முதல் உடம்பைப் பாருங்கோ. மாரி மழைக்குப் பிறகு இங்க ஒவ்வொரு வருசமும் டெங்குதான், இதில ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம். ஆஸ்பத்திரியில இருக்கேக்கயே பட்ச் பிள்ளை ஒருத்தரைக் கொண்டு திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. மெடிக்கலை குடுத்த காலத்துக்குள்ள, கையேட்டில சொன்ன வழியாலதான் குடுக்கவேணும், பல்கலைக்கழக வைத்திய அதிகாரி உறுதிப்படுத்தாமல் வெளி டொக்டரின்ர துண்டை மட்டும் ஏற்காத இடங்கள் கனக்க இருக்கு. வாட்ஸ்அப்பில லெக்சரருக்கு ஒரு மெசேஜ் போட்டது விண்ணப்பம் ஆகாது.

அசைன்மென்ற்றுக்கு சாட்ஜிபிடி பாவிக்கலாமோ?

லெக்சரர் வேண்டாம் எண்டால் வேண்டாம், ஒண்டும் சொல்லேல்லை எண்டால் முதல் கிழமையிலயே கேளுங்கோ. அவர் விட்டாலும், முதல் நீங்கள் தாளில செய்யுங்கோ, பிறகு உங்கட நிறுவலைக் குடுத்து எந்த வரியில ஓட்டை எண்டு கேளுங்கோ. அது சொல்லுறதையும் அப்பிடியே நம்பாதேங்கோ, பிழையான நிறுவலையும் அது நல்ல வடிவா எழுதித் தரும். ஜியோஜீப்ரா எண்ட மென்பொருளில வரைபு கீறிப் பாக்கிறது நல்ல பழக்கம். சீனியரின்ர பழைய கொப்பியைப் பாத்து எழுதிறது சாட்ஜிபிடியைப் பாத்து எழுதிறதைவிட மோசம், ஒரே பிழை ஒரே வரியில பத்துப் பேருக்கு வந்தால் திருத்திறவருக்கு உடன தெரியும், குடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் சேர்த்துத்தான் பூச்சியம் விழும்.

இந்தமுறை சரிவராது போல கிடக்கு. ரிப்பீற் எழுதினால் காணும்தானே?

எழுதலாம், ஆனால் வழமையா ரிப்பீற்றில எவ்வளவு நல்லாச் செய்தாலும் சீ-க்கு மேல தரமாட்டினம், அது 2.00 புள்ளி, பட்டத்தில வகுப்புச் சித்தி (கிளாஸ்) எடுக்க நினைக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு பாடமே ஜிபிஏயை, அதாவது சராசரிப் புள்ளியை, கீழ இழுக்கும். எக்ஸாமுக்கு இன்னும் கிழமையள் இருக்கெண்டால் பாஸ்ற் பேப்பரை விட்டிட்டு ரியூட்டோரியல் தாள்களை முதலாவதில இருந்து எடுத்துச் செய்யுங்கோ, நிக்கிற கணக்குகளோட லெக்சரரைப் போய்ப் பாருங்கோ. அப்பிடியும் சரிவரேல்லை எண்டால் ரிப்பீற்றுக்குப் பேர் பதியிற திகதியை விட்டுடாதேங்கோ, அது தானா பதியப்படும் எண்டு இருந்து ஒரு வருசம் பிந்தின பிள்ளையளும் இருக்கினம்.